தூண்டிலை வளைப்பவன்

2025ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாலைத் திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் என்னிடம் வந்து, தனியாகப் பேச வேண்டும் என்றார். பாவசங்கீர்த்தனத்துக்கு வந்திருக்கிறார் என்றெண்ணி, கழற்றிய ஸ்தோலாவை மீண்டும் கையில் எடுத்தேன். "பாவசங்கீர்த்தனம் இல்லை, ஃபாதர். ஒரு சந்தேகம், அவ்வளவுதான்" என்றார். அவர் அவ்வாறு சொன்னதாலும், எழுதலாம் என்று பின்னர் அவரே இசைந்ததாலும்தான் இதை இங்கே எழுத முடிகிறது.

ஆத்தூரை அடுத்த எங்கள் பங்கில் ஒரு சாரார் வெற்றிலைக் கொடிக்காலிலும் வாழைத் தோட்டத்திலும் உழைப்பவர்கள். மற்றொரு சாரார் கடலை நம்பி வாழ்பவர்கள். இவருடைய தந்தை வள்ளம் வாங்கிய கடனை அடைக்குமுன் நோயில் விழுந்தவர். பொறியியல் படித்த இந்த மகன், வெளிமாநில நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறார். அந்நிறுவனம் நடத்துவது ஓர் இணைய விளையாட்டுக்கூடம். பணம் வைத்து ஆடும் சூதாட்டம் அன்று. பழங்களை வெட்டுவது, பந்துகளை அடுக்குவது, பாம்பை வளர்ப்பது போன்ற சின்னஞ்சிறு விளையாட்டுகள். யாரும் இலவசமாக ஆடலாம். வருமானம் முழுவதும் இடையிடையே வந்துபோகும் விளம்பரங்களிலிருந்து. ஆகவே ஆடுகிறவர் எவ்வளவு நேரம் திரைமுன் இருக்கிறாரோ அவ்வளவு ஆதாயம்.

"எனக்குக் கொடுத்த வேலையைக் கேளுங்க ஃபாதர்" என்று அவர் விளக்கினார். முன்பெல்லாம் ஒரு கட்டம் முடிந்ததும் திரை சற்று நிற்குமாம். 'மீண்டும் ஆடலாமா' என்று கேட்குமாம். அந்தச் சிறு இடைவெளியில்தான் பலரும் கைப்பேசியைக் கீழே வைக்கிறார்கள் என்று நிறுவனத்தார் கணக்கெடுத்துக் கண்டார்கள். அந்த இடைவெளியை நீக்குவது இவருடைய வேலை. நீக்கினார். இப்போது ஒரு கட்டம் முடியுமுன்பே அடுத்தது தொடங்கிவிடும். நாள் தவறாமல் வருபவருக்குப் பரிசுகளின் சங்கிலி ஒன்று உண்டு; ஒருநாள் வராவிட்டால் சங்கிலி அறுந்து, சேர்த்தவை எல்லாம் போய்விடும். தோற்றுத் தோற்றுச் சலித்து ஒருவர் எழப்போகும் தறுவாயில், எதிர்பாராத பரிசு ஒன்று வந்து விழும். இம்மாற்றங்களுக்குப் பின் மக்கள் ஆடும் நேரம் கூடியது. இவருக்குப் பாராட்டும் ஊதிய உயர்வும் கிடைத்தன.

ஒருநாள் இரவு ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தவர், ஆறாம் வகுப்புப் படிக்கும் தம் அக்காள் மகனின் போர்வைக்குள் வெளிச்சம் கண்டு விலக்கிப் பார்த்தார். பையன் ஆடிக்கொண்டிருந்தது மாமன் எழுதிய விளையாட்டு. "போதும், படுடா" என்றதற்கு, "இது மட்டும் முடியட்டும் மாமா" என்றானாம்.

"அது முடியாது ஃபாதர். முடியுற இடத்தை எடுத்ததே நான்தான்" என்று சொல்லி அவர் தலைகுனிந்தார். "நான் செய்யுறது பாவமா?"

நான் உடனே பதில் சொன்னேன். பெரும்பாலும் உடனே சொல்லப்படும் பதில் கேட்பவருக்காகச் சொல்லப்படுவதன்று. சொல்பவர் தம் வேலையை முடித்துக்கொள்வதற்காகச் சொல்லப்படுவது. "சூதாட்டம் இல்லையே தம்பி, சட்டமும் தடுக்கவில்லை. தாய் தந்தையைக் காப்பாற்றுகிறாய். பையனைக் கண்டிக்க வேண்டியது அவனைப் பெற்றவர்கள்" என்றேன். அவர் நன்றி சொல்லிப் புறப்பட்டார். படியிறங்கும்போது திரும்பி, "நம்ம திருவிழாவுக்குக் குலுக்கல் சீட்டு விக்கிறோமே ஃபாதர், அதெல்லாம் சரிதானா?" என்று கேட்டார். அதில் ஏளனம் இல்லை, உண்மையாகவே கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன்.

அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. அறநெறி இறையியலைக் குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் படித்த ஒருவன், மனச்சான்று விழித்தெழுந்த ஓர் இளைஞனைத் தாலாட்டித் தூங்க வைத்து அனுப்பிவிட்டான். இக்கட்டுரை, காலம் தாழ்ந்து அவருக்கு நான் சொல்லும் பதில்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். விளையாட்டு பாவமன்று. மீட்கப்பட்ட எருசலேமைக் காட்சியாகக் கண்ட செக்கரியா இறைவாக்கினர், அதன் தெருக்களில் முதியோர் கோலூன்றி அமர்ந்திருப்பதையும், சிறுவரும் சிறுமியரும் நிறைந்து விளையாடுவதையும் காண்கிறார். நீதிமொழிகள் நூலின் 8ஆம் அதிகாரத்தில், படைப்பின் தொடக்கத்திலேயே ஞானம் இறைவன் திருமுன் களிகூர்ந்து நிற்கிறது. திருவழிபாட்டின் உட்பொருளைப் பற்றி 1918ஆம் ஆண்டு நூல் வெளியிட்ட இறையியலார் ரொமானோ குவார்தினி, வழிபாட்டையே இறைவன் முன்னிலையில் ஆடப்படும் விளையாட்டாகக் காண்பதற்கு அந்நூலில் ஓர் அதிகாரத்தை ஒதுக்கினார். பயன் கருதாமல், உள்ளம் நிறைந்து செய்யப்படும் செயல் என்ற வகையில் செபமும் விளையாட்டும் உறவினர்களே.

புனித தாமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பில் இப்பொருளை ஆராயும்போது, பழைய துறவியர் வழிவந்த ஒரு கதையைச் சொல்கிறார். நற்செய்தியாளர் யோவான் தம் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருக்கக் கண்டு சிலர் இடறல்பட்டனர். அவர்களுள் வில்லேந்திய ஒருவரைப் பார்த்து அம்பெய்யச் சொன்னார் யோவான். அவர் பலமுறை எய்த பிறகு, இடைவிடாமல் எய்துகொண்டே இருக்க முடியுமா என்று கேட்டார். 'வில் ஒடிந்துவிடும்' என்றார் அவர். மனிதனின் உள்ளமும் அத்தகையதே என்றார் புனிதர். அக்குவினாஸ் இதோடு நிற்கவில்லை. மக்களை மகிழ்விப்பதையே தொழிலாகக் கொண்ட கூத்தர்களின் தொழில் தன்னளவில் நேரியது என்றும், அவர்களுக்குக் கூலி கொடுப்பது முறையே என்றும் தீர்ப்பளிக்கிறார். மறுமையில் தமக்குத் துணையாக இருக்கப்போகிறவர் ஒரு கூத்தாடி என்று தவமுனிவர் பப்னூசியுசுக்கு வெளிப்படுத்தப்பட்ட வரலாற்றையும் சான்றாகக் காட்டுகிறார். எனவே, விளையாட்டு செய்து கொடுக்கும் தொழில் இழிந்த தொழில் என்று எவரும் சொல்ல இயலாது. எங்கள் இளைஞருக்கு முதலில் இந்த ஆறுதலை நான் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் அந்த வில்லின் கதையே நமக்கு ஓர் அளவுகோலையும் தருகிறது. நாணைத் தளர்த்துவது எதற்காக? மீண்டும் பூட்டுவதற்காக. ஓய்வு வேலைக்குத் திரும்ப வேண்டும். விளையாட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். முடிவு என்பது விளையாட்டுக்கு வெளியிலிருந்து வரும் இடையூறன்று. அது விளையாட்டின் ஓர் உறுப்பு. பல்லாங்குழியில் குழிகள் காலியாகும். தாயத்தில் காய் பழமாகும். கால்பந்தில் நேரம் முடியும், இல்லையேல் இருட்டிவிடும். முடிவை எடுத்துவிட்ட விளையாட்டு நாணைத் தளரவிடாத வில். போர்வைக்குள் கிடந்த அந்தச் சிறுவன் உண்மையில் விளையாடிக்கொண்டிருக்கவில்லை. அவனுடைய விழிப்பு நேரம் விளம்பரதாரருக்கு விற்கப்பட்டுக்கொண்டிருந்தது. விளையாட்டின் வேடத்தில், கூலியில்லாமல் அவன் வேலை செய்துகொண்டிருந்தான்.

அடுத்து, வாய்ப்பை நம்பி ஆடுவது தவறா என்ற கேள்வி. குலுக்கல் சீட்டைப் பற்றிக் கேட்டாரே, அதற்கும் விடை சொல்ல வேண்டும். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் திருத்தூதர்கள் சீட்டுப் போட்டே தேர்ந்தார்கள். சிலுவையின் அடியில் படைவீரர்களும் சீட்டுத்தான் போட்டார்கள். சீட்டு ஒன்றே, உள்ளங்கள் வேறு. நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையே வாய்ப்பை நம்பி வாழ்ந்த கரைதான். கொற்கையும், மார்க்கோ போலோ கண்டெழுதிய காயலும் ஆத்தூருக்கு அண்மையில் உள்ளவை. முத்துச் சிலாபம் நடந்த காலங்களில், குளியாட்களின் பங்கு போக எஞ்சிய சிப்பிகள் ஆயிரக்கணக்கில் ஏலம் விடப்படும். எவரும் திறந்து பார்த்து ஏலம் கேட்பதில்லை. ஒருவருக்கு உயர்ந்த முத்து. மற்றொருவருக்கு அழுகிய சதையும் வெற்று ஓடும். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதுவரை தலைமுறை தலைமுறையாக இந்தக் கரை அந்த ஏலத்தைக் கண்டது. பெரியவர்கள் அதைச் சூது என்று ஒதுக்கவில்லை.

ஏன்? சிப்பிக்கு நம்மைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஏலம் கேட்பவன் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது, எப்போது அவன் மனம் தளர்கிறான், எத்தனை முறை ஏமாந்தால் எழுந்து போவான் என்றெல்லாம் கணக்குப் பார்த்து எந்தச் சிப்பியும் முத்து விளைவிப்பதில்லை. இயற்கையின் வாய்ப்பு கண்ணில்லாதது. ஆகவே அதில் வஞ்சகமும் இல்லை. கைப்பேசியில் வரும் 'வாய்ப்பு' அத்தகையதன்று. அதற்குக் கண் இருக்கிறது. நாம் சலிக்கும் நேரத்தை அது அறியும். அந்த நேரம் பார்த்து முத்தை நீட்டும். இது வாய்ப்பன்று, வாய்ப்பைப்போல் செய்யப்பட்ட திட்டம்.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2413ஆம் எண்ணில் இதைத் தெளிவாக வரையறுக்கிறது. வாய்ப்பு விளையாட்டுகளும் பந்தயங்களும் தம்மிலேயே நீதிக்கு முரணானவை அல்ல. ஒருவர் தம்முடையவும் பிறருடையவும் தேவைகளுக்கு வேண்டியதை இழக்கும்படி செய்யும்போது அவை ஏற்கத்தகாதவை ஆகின்றன. அந்த வேட்கை மனிதரை அடிமையாக்கும் இடர் உடையது என்பது அதன் சாரம். இந்த அளவுகோலை எங்கள் குலுக்கல் சீட்டின்மேல் வைத்துப் பார்த்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. கொடிக்காலில் கூலிவேலை செய்யும் ஒரு தாய் ஒருமுறை பத்துச் சீட்டுகள் வாங்கினார். பங்குக் கூடத்துக்குக் கூரை போட வேண்டியிருந்ததால் எனக்கு அப்போது மகிழ்ச்சியாகவே இருந்தது. அன்று அவர் வீட்டுக்கு அரிசி வாங்கிப் போனாரா என்று நான் கேட்டதில்லை. தமிழ்நாட்டு அரசே 1968இல் தொடங்கிய பரிசுச்சீட்டை, ஏழைகளின் வீடுகள் சிதைவது கண்டு 2003இல் தடைசெய்த வரலாறு எனக்குத் தெரியாததன்று.

இனி, சட்டத்தைப் பார்ப்போம். 'சட்டமும் தடுக்கவில்லையே' என்று நான் எளிதாகச் சொல்லிவிட்டேன். இணையத்தில் பணம் வைத்து ஆடிக் கடனில் மூழ்கியவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் தமிழகத்தை உலுக்கின. 2021இல் இயற்றப்பட்ட தடைச்சட்டத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் செல்லாதென்று கூறியது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின், 2022 அக்டோபரில் சட்டமன்றம் புதிய சட்டமுன்வரைவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பியதால் 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றியது. அவ்வாண்டு ஏப்ரலில் அது சட்டமானது. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று கூறி அவற்றின் மீதான தடையை மட்டும் நீக்கிய உயர்நீதிமன்றம், 2023 நவம்பரில் சட்டத்தின் மற்ற பகுதிகளை நிலைநிறுத்தியது. பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளை நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை மூடவேண்டும் என்ற விதிமுறை 2025 பிப்ரவரியில் வந்தது. ஜூன் மாதத்தில் நீதிமன்றமும் அதை ஏற்றது. அவ்வாண்டு ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே நாடு முழுவதும் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

இந்தச் சட்டங்களில் என் சிந்தனையைத் தூண்டியது தண்டனையின் அளவு. தமிழகச் சட்டம் சூதாடியவருக்கு 3 மாதச் சிறை வரை விதித்தது; அதை நடத்துபவருக்கு 3 ஆண்டுகள் வரை. நாடாளுமன்றத்தின் சட்டம் ஆடுபவரைத் தண்டிக்கவே இல்லை. அவரைப் பாதிக்கப்பட்டவராகக் கருதி, பாரம் முழுவதையும் நடத்துபவர், விளம்பரம் செய்பவர், பணம் கைமாற உதவுபவர் ஆகியோர்மீது வைத்தது. உலகச் சட்டமே இந்த வேறுபாட்டை உணர்ந்திருக்கிறது. ஆயினும் சட்டம் பணத்தின் எல்லையோடு நின்றுவிடுகிறது. பணம் கைமாறாத இடத்தில் அதற்கு வேலையில்லை. மனச்சான்று அங்கே நிற்க முடியாது. பணம் மட்டுமா மனிதனின் உடைமை? ஒரு சிறுவனின் உறக்கம் அவனுடைய உடைமையன்றோ? மறுநாள் வகுப்பில் அவன் கவனம், தாயோடு அவன் பேசியிருக்கக்கூடிய அரை மணி நேரம், இவையெல்லாம் அவனுக்கு இறைவன் தந்த சொத்துகள். களவு செய்யாதே என்னும் கட்டளை பணப்பையோடு முடிந்துவிடுவதில்லை. உலக சுகாதார நிறுவனமும் விளையாட்டுக்கு அடிமையாகும் நிலையை நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டில் சேர்த்து, 2019இல் ஏற்று, 2022 முதல் நடைமுறைப்படுத்தியது. பணம் வைத்து ஆடினால்தான் நோய் என்று அது சொல்லவில்லை.

திருக்குறளில் சூது என்றே ஓர் அதிகாரம் உண்டு. அதன் முதற்குறளில் வள்ளுவர், சூதில் வென்ற பொருளைத் தூண்டில் இரும்பை இரையென்று விழுங்கிய மீனுக்கு ஒப்பிடுகிறார். கடற்கரை மக்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. அங்கே மீனைப் பற்றிய எச்சரிக்கை இருக்கிறது. நம் மறையுரைகளும் அப்படித்தான்: ஆடாதே, குடிக்காதே, கடன் வாங்காதே என்று மீனுக்கே புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறோம். தூண்டிலை வளைப்பவனிடம் யார் பேசுவது? நம் ஆண்டவர் பேசினார். சிறியோருக்கு இடறலாக இருப்பவனைப் பற்றி, கழுத்தில் எந்திரக்கல் கட்டிக் கடலில் தள்ளப்படுவது அவனுக்கு நலம் என்று கடுமையாகப் பேசினார். இடறி விழுந்த சிறியோரிடம் அவர் அவ்வளவு கடுமையாகப் பேசியதில்லை.

விளையாட்டு செய்து கொடுப்பவர் தம்மைக் காத்துக்கொள்ள மூன்று சமாதானங்கள் சொல்லலாம். நம் இளைஞரே அவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

முதலாவது: 'நான் எழுதாவிட்டால் வேறொருவர் எழுதுவார்.' உண்மைதான். ஆனால் வெடிவைத்து மீன் பிடிப்பவனும் இதையே சொல்வான். பிறர் செய்யக்கூடிய தீமை என் செயலுக்கு நியாயமாகாது. கடவுளின் முன் நான் கணக்குச் சொல்ல வேண்டியது என் கைகளுக்குத்தான்.

இரண்டாவது: 'பெரிய இயந்திரத்தில் ஒரு சிறு துண்டைத்தானே நான் எழுதினேன்.' இதை அறநெறி இறையியல் புறக்கணிப்பதில்லை. தீமையில் ஒத்துழைத்தல் பற்றிப் புனித அல்போன்ஸ் லிகோரி முதலானோர் நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். தீய நோக்கத்தையே தனதாக்கிக்கொண்டு உதவுவது வேறு. நோக்கத்தை ஏற்காமல் தன் வேலையின் வழியாக உதவ நேர்வது வேறு. அதிலும் அருகிலிருந்து உதவுவது வேறு, தொலைவிலிருந்து உதவுவது வேறு. அந்த நிறுவனத்தில் கணக்கு எழுதுபவர் தொலைவில் இருக்கிறார். படம் வரைபவரும் அவ்வாறே. ஆனால் ஆடுபவர் எழுந்து போகக்கூடாது என்பதற்காகவே நிறுத்தும் இடத்தை நீக்குகிற கை மிக அருகில் இருக்கிறது. அந்த வேலைக்கு அதைத் தவிர வேறு பொருளில்லை.

மூன்றாவது: 'ஆடுவதும் ஆடாததும் அவரவர் விருப்பம்.' இது பாதி உண்மை. மனிதன் சுதந்திரம் உடையவன். பெற்றோர்க்கும் கடமை உண்டு. நள்ளிரவில் பிள்ளையின் கையில் கைப்பேசியை விட்டுவைத்த வீடும் பொறுப்பேற்க வேண்டும். ஆனால் ஸ்கின்னர் என்னும் அமெரிக்க உளவியலார் புறாக்களைக் கொண்டு செய்த ஆய்வுகளை எண்ணிப் பாருங்கள். கொத்தும்போதெல்லாம் தீனி பெற்றுப் பழகிய புறா, தீனி நின்றதும் கொத்துவதை விரைவில் விட்டுவிடும். எப்போது வரும் என்று தெரியாதவாறு இடையிடையே தீனி பெற்ற புறா நெடுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். எதிர்பாராத பரிசின் இரகசியம் இதுதான். ஒருவருடைய சுதந்திரத்தைத் தளர்த்துவதற்கென்றே ஒரு கருவியைச் செய்துவிட்டு, 'அது அவருடைய சுதந்திரம்' என்று சொல்வது நேர்மையாகாது.

தொண்ணூறுகளின் இறுதியில் கடற்கரைப் பங்கு ஒன்றில் நான் துணைக்குருவாக இருந்தபோது, கடைத்தெருவில் வீடியோ விளையாட்டுக் கடை ஒன்று இருந்தது. பையன்கள் காசு போட்டு ஆடுவார்கள். அதை மூடச் சொல்லி நான் கோபத்தோடு போனதுண்டு. கடைக்காரர் சொன்னார்: "சாமி, மறைக்கல்விக்கு மணி அடிச்சா நானே விரட்டி விட்டுடுதேன். இவன் அப்பன் யாரு, அவன் அப்பன் யாருன்னு எனக்குத் தெரியாதா?" அன்று அவரை நான் முழுவதும் நம்பவில்லை. இன்று எண்ணிப் பார்க்கும்போது, அவரிடம் இருந்து இன்றைய கூடங்களில் இல்லாமற்போனது எது என்று புரிகிறது. அவருக்கு ஆடுபவனின் முகம் தெரிந்தது. கடைக்குக் கதவும் இருந்தது. இரவில் அவருக்கும் தூக்கம் வந்தது. இணையக் கூடத்துக்குக் கதவில்லை. அதை நடத்துபவருக்கு ஆடுபவரின் நிமிடங்கள் தெரியும், முகம் தெரியாது. நம் இளைஞருக்கு முகம் தெரிந்த இரவு, அவர் மனச்சான்று பேசிய இரவு.

கடல்தொழிலுக்கும் இதில் பாடம் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யக் கடலுக்கு விடப்பட்ட ஓய்வு அது. வலையின் கண் மிகச் சிறிதாக இருக்கக்கூடாது என்பதும் விதி. குஞ்சுகள் தப்பிப்போக வழி வேண்டும். வலை பின்னுகிறவனின் நேர்மை அந்தக் கண்ணின் அளவில் இருக்கிறது. மீனுக்குக் காட்டும் இந்த இரக்கத்தை ஒரு பிள்ளைக்குக் காட்டாத மென்பொருளை என்னவென்பது?

இது நடைமுறைக்கு ஒவ்வாத பேச்சு என்று நினைப்பவர்களுக்கு வியட்நாம் நாட்டு இளைஞர் ஒருவரின் செயலைச் சொல்வேன். தோங் நூயென் என்பவர் 2013இல் தனியாளாக உருவாக்கிய 'ஃபிளாப்பி பேர்ட்' என்ற சிறு பறவை விளையாட்டு, மறு ஆண்டின் தொடக்கத்தில் உலகெங்கும் பரவியது. இலவச விளையாட்டுதான், விளம்பரத்தின் வழியாக மட்டும் நாளொன்றுக்கு 50,000 டாலர் வருவதாகச் செய்திகள் கூறின. 2014 பிப்ரவரியில் அவர் அதைத் தாமே விலக்கிக்கொண்டார். ஓய்வு நேரத்தில் சில நிமிடங்கள் ஆடுவதற்காகச் செய்தது, மக்களை அடிமையாக்கும் பொருளாகிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

அப்படியானால் நம் இளைஞர் மறுநாளே வேலையை விட்டிருக்க வேண்டுமா? நான் அவ்வாறு சொல்ல மாட்டேன். கடனும் நோயும் உள்ள வீட்டின் சுமையைத் திருச்சபையின் அறநெறி எப்போதும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. மேசைமுன் அமர்ந்து பிறர் தோளில் எளிதாகச் சுமையேற்றும் குருக்களை ஆண்டவர் புகழவில்லை. ஆனால், வேலையில் இருந்துகொண்டே ஒருவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஆடுபவர் போதும் என்று எழுந்து போவதை என்னால் மகிழ்ச்சியோடு காண முடிகிறதா? விருந்தோம்பும் நல்ல வீட்டார், விருந்தினர் மனநிறைவோடு விடைபெறுவதைக் கண்டு மகிழ்வார்கள். விருந்தினர் வெளியேற முடியாதபடி கதவைப் பூட்டுபவர் விருந்தோம்புபவரல்லர், சிறைவைப்பவர். விளையாட்டு செய்பவரின் அறம் முழுவதும் இந்த ஒரு கேள்வியில் அடங்கும் என்று நான் நம்புகிறேன். எழுந்து போவது அவருக்கு இழப்பாகத் தோன்றும்படி தொழில் அமைந்திருந்தால், அந்தத் தொழிலின் அமைப்பிலேயே கோளாறு இருக்கிறது.

இவற்றையெல்லாம் உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின் அவரை அழைத்துச் சொன்னேன். முதலில் சொன்ன பதிலுக்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் தம் மேலாளரிடம் பேசி, நிறுத்தும் இடத்தை மீண்டும் வைத்துப் பார்க்க இசைவு பெற்றார். இரண்டு வாரம் இருந்தது. மக்கள் ஆடும் நேரம் குறைந்தது. ஆகவே அதை மறுபடியும் நீக்கிவிட்டார்கள், வேறொருவர் கையால். இவர் ஊதியம் குறைந்த வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்டுப் பெற்றுக்கொண்டார். வள்ளக்கடன் அடைய இன்னும் ஓராண்டு கூடுதலாகும் என்று அவருடைய தாய் என்னிடம் சொன்னார்கள். குறைபட்டுச் சொன்னார்களா, பெருமையாகச் சொன்னார்களா என்று எனக்கு விளங்கவில்லை, இரண்டும் இருந்திருக்கலாம்.

எங்கள் பங்கிலும் அவ்வாண்டுத் திருவிழாவில் குலுக்கல் சீட்டு விற்கவில்லை. பங்குப் பேரவையில் சிலருக்கு வருத்தம்தான். வசூல் குறைந்தது, கூடத்தின் ஒரு பக்கத்துக்கு இன்னும் கூரை இல்லை. மழை பெய்தால் மறைக்கல்வி வகுப்பு கோயிலுக்குள் நடக்கிறது. அந்த இளைஞரிடம் இழப்பை ஏற்கச் சொன்ன நான், என் பங்குக்கு இதையாவது ஏற்க வேண்டுமல்லவா?

அன்பார்ந்த வாசகர்களே, மென்பொருள் எழுதுபவர்கள் நம்மில் சிலரே. ஆனால் ஏதோ ஒன்றைச் செய்து பிறர் கையில் கொடுக்காதவர் நம்மில் யாருமில்லை. கடை நடத்துகிறோம், கடன் கொடுக்கிறோம், பாடம் சொல்கிறோம், மறையுரை ஆற்றுகிறோம். இரவில் ஆன்ம சோதனை செய்யும்போது 'நான் எதில் விழுந்தேன்' என்று மட்டும் கேட்டுப் பழகிவிட்டோம். 'நான் செய்து கொடுத்ததில் யார் விழுந்தார்' என்றும் கேட்கத் தொடங்குவோம். அந்தக் கேள்விக்கு விடை தேடி, நம் பிள்ளைகளின் போர்வையை விலக்கிப் பார்க்கும் துணிவை ஆண்டவர் நமக்கு அருள்வாராக.